கிளாஸ் இருக்கிறது, ஆனால் ஜாவாவுக்குக் கிடைக்கவில்லை

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு தம்பி ஒரு நாள் மாலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். "அண்ணா, என் மெஷின்ல நல்லா ஓடுது. சர்வர்ல போட்டா மட்டும் கிளாஸ் இல்லைன்னு சொல்லுது. அந்த கிளாஸை நாம எழுதவே இல்லையே, அப்புறம் எப்படி இல்லாமப் போகும்?" என்றான்.

அவன் கேட்டது சரியான கேள்வி. மதிப்பெண் விவரங்களை எக்ஸ்எம்எல் வடிவில் தரும் ஒரு சின்ன வெப் சர்வீஸை ஜெர்சி 2 என்ற லைப்ரரி கொண்டு எழுதி, டாம்கேட் 9 என்ற சர்வரில் ஏற்றியிருந்தான். லாகில் சிவப்பாக ஓடிய நூறு வரிகளுக்கு நடுவே முக்கியமான வரி இதுதான். தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி இருக்கும்: "ஜாவா.லேங்.நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்: ஜாவாக்ஸ்/எக்ஸ்எம்எல்/பைண்ட்/ஜாக்ஸ்பிஎக்ஸெப்ஷன்".

ஜாவாவில் வெப் சர்வீஸ் எழுதத் தொடங்கும் எல்லோரும் முதல் வாரத்திலேயே இந்த வகை எரரைப் பார்த்துவிடுவார்கள். பார்த்ததும் பெரும்பாலானவர்கள் அந்த வரியை அப்படியே தேடி, முதலில் கண்ணில் படும் ஜார் ஃபைலை (கம்பைல் ஆன கிளாஸ்களைக் கட்டிவைத்த மூட்டை) இறக்கி, எங்கேயாவது போட்டுப் பார்க்கிறார்கள். சில சமயம் சரியாகிவிடும். பல சமயம் ஒரு எரர் போய் இன்னொரு எரர் வரும். அந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு, ஜாவா எதை, எங்கே தேடுகிறது என்று ஒரு முறை புரிந்துகொண்டால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

கம்பைல் ஆவது வேறு, ஓடுவது வேறு

கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல்காரர் வீட்டில் உட்கார்ந்து மெனு எழுதுகிறார். சாம்பாருக்குப் பெருங்காயம் வேண்டும். எழுதும்போது அவர் வீட்டு அலமாரியில் பெருங்காய டப்பா கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் சமையல் நடப்பது மண்டபத்தில். டப்பாவை வண்டியில் ஏற்ற மறந்திருந்தால், மண்டபத்தில் சாம்பார் கொதிக்கும் நேரத்தில்தான் அது தெரியவரும்.

மெனு எழுதுவதுதான் கம்பைல். மண்டபம்தான் சர்வர். கம்பைலர் ஒரு லைப்ரரியின் கிளாஸை உங்கள் நிரலுக்குள் நகலெடுத்து வைப்பதில்லை. பெயரை மட்டும் குறித்துக்கொள்கிறது. ஓடும் நேரத்தில் அந்தப் பெயர் முதன்முதலில் தேவைப்படும்போதுதான் ஜாவா அந்த கிளாஸைத் தேடிப் போகும். அதனால்தான் சர்வீஸ் நன்றாகத் தொடங்கிவிட்டு, முதல் கோரிக்கை வந்ததும் விழுவதும் உண்டு. தேவைப்படும்வரை தேடுவதில்லை என்பது ஜாவாவின் வழக்கம்.

இந்த உவமையை இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும். மண்டபத்திலேயே தரும் பொருள்கள் சில உண்டு: பெரிய அண்டா, அடுப்பு, கேஸ். அவற்றை நாம் கொண்டுபோகத் தேவையில்லை. அப்படிச் சர்வரிலேயே இருக்கும் லைப்ரரிகளுக்கு, புராஜெக்டைக் கட்டித்தரும் கருவியான மேவனில் 'புரொவைடட்' என்று ஸ்கோப் கொடுக்கிறோம். 'கம்பைல் பண்ண வேண்டும், ஆனால் மூட்டையில் கட்டாதே' என்பது அதன் பொருள். டாம்கேட்டில் சர்வ்லெட் ஏபிஐ (வெப் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் சர்வ்லெட் கிளாஸ்களை எழுத உதவும் லைப்ரரி) ஏற்கெனவே இருக்கிறது, அதனால் அதற்கு புரொவைடட் சரி. ஜெர்சி டாம்கேட்டில் கிடையாது. அதற்கும் புரொவைடட் கொடுத்துவிட்டால் கம்பைல் அழகாக ஆகும், சர்வரில் விழும்.

இதே காரணத்தால்தான், கிளாஸ்ஃபிஷ் போன்ற முழு சர்வரை வைத்து எழுதப்பட்ட பாடத்தைப் பார்த்து டாம்கேட்டில் செய்பவர்கள் திணறுகிறார்கள். கிளாஸ்ஃபிஷ், வைல்ட்ஃப்ளை ஆகியவற்றில் வெப் சர்வீஸுக்கான லைப்ரரிகள் கூடவே வருகின்றன. டாம்கேட் சர்வ்லெட்டையும், வெப் பக்கங்களை எழுத உதவும் ஜேஎஸ்பியையும், இன்னும் சிலவற்றையும் மட்டும் தருகிற சிறிய சர்வர். அதில் சோப் (எக்ஸ்எம்எல் செய்திகளால் பேசும் வகை) சர்வீஸை ஏற்றப் பார்த்து, 'டபிள்யூஎஸ் சர்வ்லெட் கான்டெக்ஸ்ட் லிஸனர்' கிடைக்கவில்லை என்ற எரரில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வேண்டியது 'ஜாக்ஸ்டபிள்யூஎஸ்-ஆர்டி' என்ற ஒரே டிபென்டென்சி (நம் நிரல் சார்ந்திருக்கும் லைப்ரரி).

எரரை முதலில் படியுங்கள்

கிளாஸ் கிடைக்காதபோது இரண்டு பெயர்களில் எரர் வரும். ஒன்று 'கிளாஸ் நாட் ஃபவுண்ட் எக்ஸெப்ஷன்'. மற்றது 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்'. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை.

முதலாவது, யாரோ ஒரு கிளாஸின் பெயரை எழுத்துகளாகக் கொடுத்துத் தேடச் சொன்னபோது வருவது. அப்ளிகேஷனின் அமைப்புகளைச் சொல்லும் வெப் எக்ஸ்எம்எல் கோப்பில் ஜெர்சியின் 'சர்வ்லெட் கன்டெய்னர்' பெயரை எழுதியிருப்பீர்கள், டாம்கேட் அந்தப் பெயரைப் படித்துத் தேடும், கிடைக்காது. இங்கே எழுத்துப்பிழையும் காரணமாக இருக்கலாம். ஜெர்சி 1க்கான பழைய பெயரை ('காம்.சன்.ஜெர்சி' என்று தொடங்குவது) ஜெர்சி 2 ஜாருடன் பயன்படுத்தியிருந்தாலும் இதே எரர்தான் வரும். ஜெர்சி 2இல் அது 'ஆர்க்.கிளாஸ்ஃபிஷ்.ஜெர்சி' என்று மாறிவிட்டது.

இரண்டாவது, கம்பைல் நேரத்தில் கண்ணெதிரே இருந்த கிளாஸ் ஓடும் நேரத்தில் காணாமல் போனால் வருவது. பெருங்காய டப்பா கதை இதுதான். ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன். முதல் வகை எரரில் பெயர் புள்ளிகளுடன் இருக்கும். இரண்டாவது வகையில் பெரும்பாலும் புள்ளிக்குப் பதில் சாய்கோடு இருக்கும், ஏனென்றால் கம்பைல் ஆன கோப்புக்குள் ஜாவா பெயர்களை அப்படித்தான் எழுதி வைக்கிறது. தம்பியின் எரரில் சாய்கோடு இருந்ததைக் கவனித்திருப்பீர்கள்.

இரண்டாவது வகையிலேயே ஒரு மாறுவேடம் உண்டு. பல பேரின் மணிக்கணக்கான நேரத்தை அது தின்றிருக்கிறது, என் நேரத்தையும்தான். 'குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்' என்று எரர் முடிந்தால், கிளாஸ் கிடைத்துவிட்டது என்று பொருள். அதன் ஸ்டாட்டிக் பகுதி முதல் முறை ஓடும்போது தோற்றுவிட்டது, அதற்குப் பிறகு அந்த கிளாஸை யார் கேட்டாலும் ஜாவா இப்படியே கைவிரித்துவிடும். இந்த நிலையில் ஜாரைச் சேர்த்துக்கொண்டே இருப்பது வீண். லாகில் மேலே போய், முதல் முறை விழுந்த இடத்தைத் தேடுங்கள். அங்கே 'எக்ஸெப்ஷன் இன் இனிஷியலைஸர் எரர்' என்று இருக்கும், உண்மைக் காரணமும் அதனுடனேயே இருக்கும். ஒரு கான்ஃபிக் கோப்பு படிக்க முடியாமல் போயிருக்கலாம், வேறு ஏதோ ஒரு கிளாஸ் இல்லாமல் போயிருக்கலாம்.

பொதுவாகவே, நீண்ட எரரில் முதல் வரியோடு நின்றுவிடாதீர்கள். 'காஸ்ட் பை' என்று தொடங்கும் வரிகளில் கடைசியாக வருவதைப் பாருங்கள். டாம்கேட்டில் லிஸனர் (அப்ளிகேஷன் தொடங்கும்போது ஓடும் கிளாஸ்) தோற்கும்போது கேட்டலினா என்ற முதன்மை லாகில் 'லிஸனர்கள் தொடங்கவில்லை, விவரம் வேறு லாகில் இருக்கிறது' என்கிற அளவில்தான் எழுதியிருக்கும். அந்த வேறு லாக், அதே ஃபோல்டரில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தொடங்கி தேதியுடன் இருக்கும் கோப்பு. அதைத் திறந்தே பார்க்காமல் ஒரு நாள் முழுக்க ஊகித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜாவா எங்கே தேடுகிறது

கிளாஸைத் தேடி எடுத்துவரும் வேலையைச் செய்வது கிளாஸ்லோடர். சாதாரண ஜாவா நிரலில் ஒரு கிளாஸ்லோடர் தானே தேடுமுன் தன் பெற்றோரிடம், அதாவது தனக்கு மேலே உள்ள கிளாஸ்லோடரிடம், கேட்கும். ஜாவாவோடு வரும் கிளாஸ்கள் முதலில், நம் கிளாஸ்பாத் (நம் கிளாஸ்களும் ஜார்களும் இருக்கும் இடங்களின் பட்டியல்) கடைசியில்.

டாம்கேட் இதைக் கொஞ்சம் மாற்றிவைத்திருக்கிறது. ஒவ்வொரு வெப் அப்ளிகேஷனுக்கும் தனி கிளாஸ்லோடர். ஜாவாவின் அடிப்படைக் கிளாஸ்களைப் பார்த்த பிறகு, உங்கள் அப்ளிகேஷனின் வெப்-இன்ஃப் ஃபோல்டருக்குள் இருக்கும் 'கிளாஸஸ்', அப்புறம் அதே இடத்தில் உள்ள 'லிப்', அதற்குப் பிறகுதான் டாம்கேட்டின் சொந்த 'லிப்' ஃபோல்டர். இரண்டு அப்ளிகேஷன்கள் ஒரே லைப்ரரியின் இரண்டு வெவ்வேறு பதிப்புகளை நிம்மதியாக வைத்துக்கொள்ள முடிவது இதனால்தான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, உங்கள் ஜார் வெப்-இன்ஃப் லிப்பில் இல்லையென்றால் டாம்கேட்டைப் பொறுத்தவரை அது இல்லவே இல்லை. நிரல் எழுதும் மென்பொருளான எக்லிப்ஸில் 'பில்ட் பாத்' வழியாக ஜாரைச் சேர்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பில்ட் பாத் கம்பைலருக்கு மட்டும் சொல்வது. சர்வருக்கு அனுப்புவது 'டிப்ளாய்மென்ட் அசெம்ப்ளி' என்ற வேறொரு பக்கம். மேவன் புராஜெக்ட் என்றால் அந்தப் பக்கத்தில் மேவன் டிபென்டென்சிகளைச் சேர்த்திருக்க வேண்டும். ஆரம்பநிலையில் இருப்பவர் இந்த எரரோடு என்னிடம் வந்தால் நான் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இரண்டாவது, மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பது தெரியாது. டாம்கேட்டின் லிப்பில் ஒரு லைப்ரரியைப் போட்டுவிட்டு, அந்த லைப்ரரிக்குத் தேவையான இன்னொரு ஜாரை உங்கள் வெப்-இன்ஃப் லிப்பில் போட்டால் வேலை செய்யாது. இரண்டும் வட்டில் இருக்கும், கண்ணால் பார்க்கலாம், ஆனாலும் எரர் வரும். 'எல்லாவற்றையும் டாம்கேட் லிப்பில் போட்டுவிடு' என்று சொல்லித்தரும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. அது அன்றைக்கு ஓடும், பின்னால் இன்னொரு அப்ளிகேஷனைக் கெடுக்கும்.

ஊகிப்பதைவிட எண்ணிப் பார்ப்பது நல்லது. உருவான வார் கோப்பை (சர்வரில் ஏற்றும் முழு அப்ளிகேஷன் மூட்டை) 'ஜார்' கட்டளையில் 'டிஎஃப்' என்று கொடுத்தால் உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் வந்துவிடும். நீங்கள் எதிர்பார்த்த லைப்ரரி அதில் இருக்கிறதா? இல்லையென்றால் மேவனில் 'டிபென்டென்சி:ட்ரீ' கொடுத்து, அது எந்த ஸ்கோப்பில் வருகிறது, யார் வழியாக வருகிறது என்று பாருங்கள். இந்த இரண்டு கட்டளைகளும் ஒரு நிமிட வேலை.

ஜாவா 11 எடுத்துக்கொண்டவை

சரி, தம்பியின் சர்வீஸுக்கு வருவோம். வார் கோப்பைத் திறந்து பார்த்தோம். அவன் எழுதியது இருந்தது, ஜெர்சி இருந்தது. ஜாக்ஸ்பி மட்டும் இல்லை. லேப்டாப்பில் உருவான வார் கோப்பிலும் அது இல்லை. பின்னே அங்கே எப்படி ஓடியது? லேப்டாப்பில் இருந்தது ஜாவா 8. சர்வரில் இருந்தது ஜாவா 11.

எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்டாகவும், ஆப்ஜெக்டை எக்ஸ்எம்எல்லாகவும் மாற்றித்தரும் வேலையை ஜாக்ஸ்பி செய்கிறது. 2006 டிசம்பரில் வந்த ஜாவா 6இல் ஜாக்ஸ்பியையும், சோப் சர்வீஸுக்கான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸையும் ஜாவாவோடு சேர்த்தே கொடுத்தார்கள். ஒரு ஜார்கூட இறக்காமல் வெப் சர்வீஸ் எழுத முடிந்த காலம் அது. 2017 செப்டம்பரில் வந்த ஜாவா 9, இவை நீக்கப்படப்போகின்றன என்று அறிவித்து, தானாகக் கிடைக்காதபடி ஒதுக்கிவைத்தது. 'ஆட்-மாட்யூல்ஸ்' என்ற ஆப்ஷன் கொடுத்தால் மட்டும் கிடைத்தன. 2018 செப்டம்பரில் ஜாவா 11 வந்தபோது அடியோடு எடுத்துவிட்டார்கள். ஜாக்ஸ்பி, ஜாக்ஸ்-டபிள்யூஎஸ், ஆக்டிவேஷன், பொது அனொடேஷன்கள், கோர்பா எல்லாம் அதில் போய்விட்டன. கூடவே 'டபிள்யூஎஸ்இம்போர்ட்', 'எக்ஸ்ஜேசி' போன்ற கருவிகளும் ஜாவாவின் கருவித்தொகுப்பான ஜேடிகேயிலிருந்து மறைந்தன.

மண்டபக்காரர் இதுவரை வாழை இலை கொடுத்துக்கொண்டிருந்தார், இனி நீங்களே கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார். நாம் லிஸ்டில் இலையை எழுதியதே இல்லை, ஏனென்றால் எழுத வேண்டிய தேவையே வந்ததில்லை.

தீர்வு, மேவனின் டிபென்டென்சி பட்டியல் இருக்கும் போம் கோப்பில் இலையை எழுதுவதுதான். 'ஜகார்த்தா.எக்ஸ்எம்எல்.பைண்ட்-ஏபிஐ' 2.3.3 பதிப்பைச் சேர்த்தான். மறுபடி ஏற்றினான். பழைய எரர் போய், ஜாக்ஸ்பிக்கு 'இம்ப்ளிமென்டேஷன்' கிடைக்கவில்லை என்று புது எரர் வந்தது. அவன் முகம் வாடிவிட்டது. நான் முன்னேறிவிட்டோம் என்றேன்.

ஏபிஐ ஜாரில் பெரும்பாலும் வாக்குறுதிதான் இருக்கும்: இந்த இந்த மெத்தட்கள் உண்டு என்று. வேலையைச் செய்யும் கிளாஸ்கள் வேறு ஜாரில் இருக்கும். அதை ஓடும் நேரத்தில் பெயரால் தேடிப் பிடிக்கிறார்கள், அதனால் கம்பைலர் ஒருபோதும் எச்சரிக்காது. ஜாக்ஸ்பிக்கு அந்த இன்னொரு ஜார், கிளாஸ்ஃபிஷ் குழுவின் 'ஜாக்ஸ்பி-ரன்டைம்', அதே 2.3 வரிசையில். அதைச் சேர்த்தால் ஏபிஐயும் கூடவே வந்துவிடும். ஜெர்சியிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. 2.26 பதிப்பிலிருந்து 'ஜெர்சி-எச்கே2' என்ற ஜாரைத் தனியாகச் சேர்க்க வேண்டும். மறந்தால் 'இன்ஜெக்‌ஷன் மேனேஜர் ஃபேக்டரி' கிடைக்கவில்லை என்று நின்றுவிடும்.

ஜாவாக்ஸா, ஜகார்த்தாவா

மேலே ஏன் 2.3.3 என்று பதிப்பு எண்ணை அழுத்திச் சொன்னேன்? இன்றைக்குப் புதிதாகத் தொடங்குபவர்களை அதிகம் குழப்புவது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஆரக்கிள் நிறுவனம், சர்வர் நிரல்களுக்கான ஜாவா தொகுப்பான ஜாவா இஇ முழுவதையும் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைப்பதாக 2017இல் அறிவித்தது. 2018இல் அதற்கு ஜகார்த்தா இஇ என்று புதுப் பெயர் வைத்தார்கள். ஜகார்த்தா, நம் பழைய தமிழில் சாவகம் எனப்பட்ட ஜாவா தீவில் இருக்கும் நகரம். பெயர்ப் பொருத்தம் அழகுதான். ஆனால் 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கும் பேக்கேஜ்களை (ஒரே முன்பெயரில் வரும் கிளாஸ்களின் தொகுப்புகளை) தொடர்ந்து மாற்றி வளர்க்கும் உரிமையில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வரவில்லை. அதனால் 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9இல் பேக்கேஜ் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். 'ஜாவாக்ஸ்.சர்வ்லெட்' இனி 'ஜகார்த்தா.சர்வ்லெட்'. 'ஜாவாக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட்' இனி 'ஜகார்த்தா.எக்ஸ்எம்எல்.பைண்ட்'.

நமக்கு இது வெறும் பெயர் மாற்றம். ஜாவாவுக்கு அப்படி இல்லை. பேக்கேஜ் பெயர் மாறினால் அது முழுக்க வேறு கிளாஸ்.

டாம்கேட் 9 வரை ஜாவாக்ஸ். டாம்கேட் 10 முதல் ஜகார்த்தா. ஜெர்சி 2 ஜாவாக்ஸ், ஜெர்சி 3 ஜகார்த்தா. ஸ்பிரிங் பூட் என்ற ஃபிரேம்வொர்க்கிலும் அப்படியே: ஸ்பிரிங் பூட் 2 ஜாவாக்ஸ், 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3 ஜகார்த்தா. அதற்கு ஜாவா 17ஆவது வேண்டும். ஒரே புராஜெக்டில் இந்த இரு பக்கங்களும் கலக்கக் கூடாது. ஜாக்ஸ்பி ஏபிஐயில்தான் பெரிய குழப்பம்: ஜாரின் பெயர் ஜகார்த்தா என்று இருந்தாலும் 2.3.3க்குள் இருப்பது ஜாவாக்ஸ் பேக்கேஜ்தான். 3.0 முதல்தான் உள்ளேயும் ஜகார்த்தா. ஜெர்சி 2 வைத்திருந்த தம்பி 'புதியதுதானே நல்லது' என்று 4.0 போட்டிருந்தால் அதே பழைய எரர் திரும்ப வந்திருக்கும்.

பழைய வார் கோப்பை டாம்கேட் 10இல் போட்டால், சில சமயம் எரர்கூட வராது. சர்வ்லெட்டை அனொடேஷன் (நிரலுக்குள்ளேயே @ குறியுடன் எழுதும் குறிப்பு) வழியாக மட்டும் அறிவித்திருந்தால், ஜாவாக்ஸ் அனொடேஷனை டாம்கேட் 10 கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பிரவுசரில் 404 மட்டும் வரும். வெப் எக்ஸ்எம்எல்லில் எழுதியிருந்தால் 'ஜாவாக்ஸ்/சர்வ்லெட்/எச்டிடிபி/எச்டிடிபிசர்வ்லெட்' கிடைக்கவில்லை என்று எரர் வரும். அப்போது பழைய சர்வ்லெட் ஏபிஐ ஜாரை வெப்-இன்ஃப் லிப்பில் போட்டு அதை அடக்கப் பார்ப்பார்கள். உடனே, உங்கள் கிளாஸை 'ஜகார்த்தா.சர்வ்லெட்.சர்வ்லெட்' ஆக மாற்ற முடியாது என்று 'கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன்' வந்து நிற்கும். இந்த இடத்தில் ஜார் சேர்ப்பது வழியே இல்லை. ஒன்று, டாம்கேட் 9லேயே இருங்கள். அல்லது நிரலையும் லைப்ரரிகளையும் ஜகார்த்தாவுக்கு மாற்றுங்கள். நடுவழியாக ஒன்று உண்டு: டாம்கேட் 10இல் 'வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ' என்ற ஃபோல்டரை உருவாக்கி அதில் பழைய வார் கோப்பைப் போட்டால், டாம்கேட்டே பெயர்களை மாற்றி ஏற்றிக்கொள்ளும்.

நிரலை மாற்றும்போது 'ஜாவாக்ஸ்' என்ற சொல்லை எல்லா இடத்திலும் 'ஜகார்த்தா' என்று ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள். 'ஜாவாக்ஸ்.எஸ்க்யூஎல்', 'ஜாவாக்ஸ்.கிரிப்டோ', 'ஜாவாக்ஸ்.நெட்.எஸ்எஸ்எல்', 'ஜாவாக்ஸ்.எக்ஸ்எம்எல்.பார்சர்ஸ்' இவையெல்லாம் ஜாவாவின் சொந்தச் சொத்து. அவை எங்கேயும் போகவில்லை, பெயரும் மாறவில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னும் இரண்டு எரர்கள் உண்டு. 'நோ சச் மெத்தட் எரர்' வந்தால் கிளாஸ் கிடைத்துவிட்டது, ஆனால் தவறான பதிப்பு. ஒரே லைப்ரரியின் இரண்டு ஜார்கள் உள்ளே இருக்கின்றனவா என்று பாருங்கள். 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்' வந்தால் புது ஜாவாவில் கம்பைல் செய்ததைப் பழைய ஜாவாவில் ஓட்டப் பார்க்கிறீர்கள். அதில் வரும் எண்களில் 52 என்பது ஜாவா 8, 55 என்பது 11, 61 என்பது 17.

ரன்டைம் ஜாரும் உள்ளே போனதும் தம்பியின் சர்வீஸ் எழுந்துகொண்டது. பிரவுசரில் எக்ஸ்எம்எல் வந்ததைப் பார்த்துவிட்டுப் போனவன், அரை மணி நேரத்தில் மறுபடி வந்தான். லேப்டாப்பிலும் ஜாவா 11ஐ ஏற்றி, சேர்த்த இரண்டு டிபென்டென்சிகளையும் வேண்டுமென்றே எடுத்துவிட்டு கம்பைல் செய்து பார்த்திருக்கிறான். இந்த முறை சர்வர் வரைக்கும் போகவே இல்லை, 'ஜாவாக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட் என்ற பேக்கேஜே இல்லை' என்று கம்பைலரே நிறுத்திவிட்டது. "அண்ணா, இது இங்கயே தெரிஞ்சிருந்தா இன்னைக்கு முழுக்க மிச்சமாகியிருக்கும்ல?" என்று கேட்டுக்கொண்டே, மற்ற புராஜெக்டுகளின் போம் கோப்புகளில் எந்த ஜாவா பதிப்பு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தான்.